எம்ஜிபி: ஓடும்போது குறையே இல்லை, நிறுத்திவிட்டு எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. பானெட்டுக்குள் சூட்டை எப்படிக் குறைப்பது?

பழையபச்சை_சிட்னி:

வணக்கம். என்னிடம் 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. இங்கே சிட்னியிலேயே பூட்டிய கார். 1798 சிசி என்ஜின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், மெக்கானிக்கல் ஃபேன், எல்லாம் பழையபடியே இருந்தன (ஃபேன் மட்டும் போன மாதம் மாறிவிட்டது, அந்தக் கதை கீழே). வீடு டூங்காபி பக்கம். மேற்கு சிட்னி வெயில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. எங்கள் வீட்டிலிருந்து அது அரை மணி நேரத் தூரம்தான்.

பிரச்சினை இதுதான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. லாப்ஸ்டோன் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு போனாலும் வாட்டர் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகர்வதில்லை. ஆனால் பெட்ரோல் போடவோ டீ குடிக்கவோ பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தினால் போதும், திரும்ப எடுக்கும்போது இருமுகிறது, பிடிக்கிறது, அணைகிறது, மறுபடி பிடிக்கிறது, ஐடிலில் நிற்பதே இல்லை. பெட்ரோல் வாசனை உள்ளே வரை வருகிறது. நாற்பது நிமிடம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன் மகளோடு கட்டூம்பா போய்விட்டுத் திரும்பும்போது எமு ப்ளெய்ன்ஸ் சிக்னலில் அணைந்துவிட்டது. 37 டிகிரி வெயில், பின்னால் வரிசையாகக் கார்கள். இருவரும் தள்ளி ஓரம் கட்டினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் கூப்பிட்டபோது வரவில்லை. அதுதான் எனக்கு மனதில் தைத்தது. ஹிஸ்டாரிக் ரெஜிஸ்ட்ரேஷனில் (பழைய கார்களுக்கான தனிப் பதிவு) வருடத்துக்கு 60 நாள்தான் லாக்புக்கில் எழுதிக்கொண்டு ஓட்ட முடியும், அந்த 60 நாளையாவது நிம்மதியாக ஓட்ட வேண்டாமா?

இதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ரேடியேட்டர் போய்விட்டது என்றார்கள். புது ரேடியேட்டர், எலக்ட்ரிக் ஃபேன், எல்லாம் மாற்றினார்கள். பணம் போனது, பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இப்போது மூன்று யோசனை இருக்கிறது. பானெட்டில் லூவர் (சூடான காற்று வெளியேறும் கீற்றுகள்) வெட்டலாமா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) சூடு தாங்கும் நாடா சுற்றலாமா? அல்லது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஸ்டீல் எக்ஸ்ட்ராக்டர் (தனித்தனிக் குழாய்களாக வரும் மேனிஃபோல்டு) போடலாமா? பானெட் பழைய அலுமினிய பானெட், காந்தம் ஒட்டாது. அதில் கத்தி வைக்க மனம் வரவில்லை.

தயா_மெல்பர்ன்:

பானெட்டில் கை வைக்காதீங்கோ. அது கடைசி வழி, உங்களுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் 1966 எம்ஜிபி 14 வருடமாக இருக்கிறது, இங்கே வடக்குக் காற்று அடிக்கிற நாளில் 40 தாண்டும், ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் ஒன்றை வடிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் என்ஜின் சூடாகவில்லை. முள் நடுவில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ரேடியேட்டரோ தெர்மோஸ்டாட்டோ இதில் குற்றவாளி இல்லை, அந்த ஒர்க்‌ஷாப் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறது. உங்களுக்கு இருப்பது நிறுத்திய பிறகு ஏறுகிற சூடு. ஓடும்போது காற்று வந்து கார்புரேட்டரைக் குளிர வைக்கிறது, உள்ளே ஆவியாகிற பெட்ரோலும் குளிர வைக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த நிமிடமே இரண்டும் நின்றுவிடும். மேனிஃபோல்டு மட்டும் முந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சுற்றியிருப்பதையெல்லாம் சுட வைக்கும்.

உங்கள் காரில் இருக்கிற பி சீரிஸ் என்ஜினின் அமைப்பே இதற்கு வழி செய்கிறது. இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இடது பக்கம். கார்புரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட்டுக்கு மேலே, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. அடுப்புக்கு மேலே பாலை வைத்துவிட்டுப் போன மாதிரி. பெட்ரோலில் லேசான பகுதி 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஃப்ளோட் சேம்பருக்குள் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கிற கிண்ணம்) கொதித்தால் அது ஜெட் வழியாகப் பொங்கி இன்லெட்டுக்குள் வழியும், நீங்கள் சொல்கிற வாசனையும் இருமலும் அதுதான்.

என்ன பெட்ரோல் போடுகிறீர்கள்? உங்கள் மாநிலத்தில் இ10 தானே எங்கும் விற்கிறது. பத்து சதவீத எத்தனால் கலந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். இன்றே 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறுங்கோ, அதில் எத்தனால் இல்லை என்று பம்பில் பார்த்து உறுதி செய்துகொண்டு. அதோடு ஹோஸ்களைப் பாருங்கோ, பழைய ரப்பரை எத்தனால் அரித்திருக்கும், விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எத்தனால் தாங்குகிற ஆர்9 தரத்தில் புதிதாகப் போடுங்கோ. வாசனை வருகிற காரில் இது பிறகு பார்க்கிற வேலை இல்லை, முதல் வேலை.

அடுத்தது கார்புரேட்டருக்கும் இன்லெட் மேனிஃபோல்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கோ. மேனிஃபோல்டு, கேஸ்கெட், கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் பேக்கலைட் மாதிரியான தடித்த ஸ்பேசர், கேஸ்கெட், சூட்டைத் தடுக்கும் தகடு, கேஸ்கெட், அப்புறம் கார்புரேட்டர். இந்த வரிசை அப்படியே இருக்கிறதா? பழைய காரில் யாராவது எதையாவது விட்டிருப்பார்கள். அந்தத் தகட்டின் மேனிஃபோல்டு பக்கத்தில் பஞ்சு போல, அட்டை போல எதாவது ஒட்டியிருந்தால் கவனம், அந்தக் காலத்து அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டாதீங்கோ, ஊதாதீங்கோ, உரிமம் உள்ளவரிடம் கேளுங்கோ.

கோவைக்காரர்:

எனக்கு எம்ஜிபி பழக்கம் இல்லை. ஆனால் தம்பி, நீங்கள் சொல்லும் என்ஜினின் அண்ணன் இங்கே ஊர் முழுக்க ஓடிய வண்டிதான். அம்பாசடரில் இருந்ததும் இதே பி சீரிஸ், 1489 சிசி. அதிலும் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். முப்பது வருடம் அம்பாசடர் வேலை பார்த்திருக்கிறேன், பாலக்காட்டு ரோட்டில் சித்திரை வெயிலில் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஃப்யூவல் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றி, சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிற டாக்ஸிகளை எத்தனையோ பார்த்தவன்.

ஆனால் அந்த வைத்தியத்தை அப்படியே உங்கள் காருக்குக் கொண்டுவராதீர்கள், காரணம் சொல்கிறேன். அம்பாசடரில் பம்ப் என்ஜின் மேலேயே இருக்கும், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சுகிற லைனில் ஆவி சேர்ந்தால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் வராது. உங்கள் காரில் எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப் பின்னால், டேங்க் பக்கத்தில் இருந்து தள்ளுகிறது. தள்ளுகிற லைனில் அந்த மாதிரி அடைப்பு அவ்வளவு எளிதில் வராது. தயா சொன்ன மாதிரி கார்புரேட்டருக்குள் கொதிப்பதுதான் அதிக வாய்ப்பு. ஆனால் வாய்ப்பு என்று சொல்லிவிட்டுப் பணத்தைச் செலவு செய்யக் கூடாது, காரே சொல்லும், கேட்கத் தெரிந்தால் போதும்.

அடுத்த முறை மக்கர் பண்ணும்போது இதைச் செய்யுங்கள். ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின்னாலிருந்து பம்ப் டக் டக் டக் என்று இருபது முப்பது தடவை வேகமாக அடித்துவிட்டு நின்றால், ஃப்ளோட் சேம்பர் கொதித்துக் காலியாகிவிட்டது, இப்போது நிரம்புகிறது என்று அர்த்தம். அது நிற்கும் வரை பொறுத்து, அப்புறம் செல்ஃப் அடியுங்கள். இரண்டே தடவை டக் டக் என்று நின்றுவிட்டால் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, அப்போது உள்ளே வழிந்து அதிகமாகிவிட்டது, சோக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பம்ப் பண்ண வேண்டாம்.

இரண்டும் இல்லாமல், பெட்ரோல் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் கரண்ட் பக்கம் போங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) இப்போது வருகிற கண்டென்சர், ரோட்டார் இரண்டும் சூட்டில் செத்து, ஆறினால் உயிர் வருகிற ஜாதி. பெட்ரோல் குறை மாதிரியே நடிக்கும். பெட்ரோல் வாசனை வருகிற இடத்தில் பிளக் வயரைக் கழற்றிப் பொறி பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். டைமிங் லைட்டை வயரில் மாட்டிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், லைட் மின்னினால் கரண்ட் வருகிறது.

இன்னொன்று, சூட்டைத் தடுப்பதற்கு முன்னால் சூடு ஏன் இவ்வளவு உண்டாகிறது என்று பாருங்கள். டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கி இருந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், மிச்சச் சூடு முழுக்க மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டு செக்கச்செவேல் என்று ஆவது பாதி நேரம் இதனால்தான். டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை முன்னே தள்ளுகிற வேக்கம் யூனிட்டின் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. காசில்லாமல் ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை. மிக்ஸர் (பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை) ரொம்ப லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக இருந்தாலும் சூடு ஏறும், பிளக் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழையபச்சை_சிட்னி:

தயா அண்ணா, கோவை ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் முழுக்க கராஜில் இருந்தேன்.

வேக்கம் குழாயை உறிஞ்சினேன். காற்றுதான் வந்தது. தட்டு நகரவே இல்லை. இத்தனை நாள் இதை ஒருவரும் பார்க்கச் சொல்லவில்லை. பிளக் நான்கும் சாம்பல் வெள்ளை.

அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றினேன். தகடு இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பெயின்ட், இன்சுலேஷன் எதுவுமே இல்லை, வெறும் தகடுதான். ஸ்பேசர் இருக்கும் இடத்தில் அலுமினியத்தில் கடைந்த இரண்டு துண்டுகள். மிக நேர்த்தியான வேலை, கடைசல் கோடு கூடத் தெரியாமல் பாலிஷ் போட்டிருக்கிறார் முன்னால் வைத்திருந்தவர். ஆனால் பேக்கலைட் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம்!

கழற்றுவதற்கு முன்னால் அளந்தும் பார்த்தேன். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) முனையை ஃப்ளோட் சேம்பர் மூடியில் டேப் போட்டு ஒட்டினேன். வெளியே 31 டிகிரி. ஓட்டி வந்து நிறுத்தியபோது 46. பன்னிரண்டாவது நிமிடம் 70. அதற்குப் பிறகு மெதுவாக இறங்கியது. சாவியை ஆன் செய்தால் பம்ப் 26 தடவை அடித்தது, எண்ணினேன்.

தயா_மெல்பர்ன்:

அலுமினிய ஸ்பேசரா! நோய் கையில் கிடைத்துவிட்டது. அலுமினியம் சூட்டைக் கடத்துவது பேக்கலைட்டைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. மேனிஃபோல்டையும் கார்புரேட்டரையும் கரண்டியால் இணைத்த மாதிரி. அதை எடுத்துவிட்டு ஃபினாலிக் (பேக்கலைட் வகை) ஸ்பேசர் போடுங்கோ, எம்ஜி உதிரிபாகக் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. கேஸ்கெட் எல்லாம் புதிது போட்டு நட்டைச் சமமாக முறுக்குங்கோ, காற்று கசிந்தால் மறுபடி லீன் ஆகும்.

தகட்டுக் கறுப்பையும் எடுங்கோ. கறுப்பு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு கார்புரேட்டர் பக்கம் அதுவே அடுப்பாகும். மேனிஃபோல்டு பக்கம் பளபளப்பான அலுமினியப் படலம் ஒட்டிய இன்சுலேஷன், தகட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி. பளபளப்பு அழுக்கானால் பயன் குறையும், சர்வீஸுக்கு ஒருமுறை துணியால் துடைத்துவிடுங்கோ.

பெட்ரோல் லைனும் பாருங்கோ, ஹோஸ் என்ஜினைத் தொடாமல், மேனிஃபோல்டைக் கடக்காமல் போக வேண்டும்.

ஹாரோ_வி8:

தாமதமாக வருகிறேன், காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என்னுடையது எம்ஜிபியின் கூரை மூடிய வடிவமான பிஜிடி வி8, 1974. 3528 சிசி ரோவர் என்ஜினை அதே பெட்டிக்குள் அடைத்த கார், மொத்தமே 2591 தான் செய்தார்கள். உங்கள் நாலு சிலிண்டரில் ஒரு பக்கம் எரிகிற அடுப்பு எனக்கு இரண்டு பக்கமும் எரிகிறது. அதனால் லண்டன் வெயிலிலேயே இந்தப் பாடம் படிக்க வேண்டி வந்தது.

எல்லோரும் காற்றை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்கள். உள்ளே போன காற்று வெளியே போக வழி இல்லையென்றால் உள்ளேயும் வராது. எம்ஜிபியில் சூடான காற்று கீழே கியர்பாக்ஸ் பக்கம்தான் தப்பிக்க வேண்டும். 1993-ல் எம்ஜிபியின் புது வடிவமான ஆர்வி8 வந்தபோது கம்பெனியே இதற்கு விடை சொன்னது. எக்ஸாஸ்ட் குழாய்களை உள் மட்கார்டில் துளை போட்டுச் சக்கரப் பக்கம் வெளியே எடுத்துவிட்டார்கள், சூடு தரும் குழாயே பெட்டிக்குள் அதிகம் இல்லை. நானும் அதைத்தான் செய்தேன், பெரிய வேலை, ஆனால் அதற்குப் பிறகுதான் கார் மனிதக் கார் ஆனது. உங்களுக்கு அது தேவையில்லை, சொல்ல வந்தது தத்துவத்தை மட்டும்.

உங்களுக்குப் பயன்படுவது: ரேடியேட்டர் தாங்கும் தகட்டின் ஓரங்களில், பானெட்டுக்கு அடியில், இருக்க வேண்டிய ரப்பரும் நுரைப் பட்டையும் இருக்கின்றனவா? இல்லையென்றால் சூடான காற்று முன்பக்கம் திரும்பி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகும், குறிப்பாகச் சிக்னலில் நிற்கும்போது. புது ரேடியேட்டர் மாட்டியவர்கள் அதைத் திரும்ப ஒட்டியிருப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

பானெட் பின் ஓரத்தை வாஷர் வைத்து உயர்த்தச் சொல்வார்கள். செய்யாதீர்கள். விண்ட்ஸ்க்ரீன் அடியில் ஓடும்போது காற்றழுத்தம் அதிகம், அதனால்தான் ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வாயையே அங்கே வைத்திருக்கிறார்கள். சூடு வெளியே போகாது, காற்று உள்ளே வரும், கியர்பாக்ஸ் பக்கம் போகிற ஓட்டத்தையும் கெடுக்கும். நிற்கும்போது மட்டும் கொஞ்சம் பயன் உண்டு, அதற்குப் பானெட்டைத் திறந்தே வைக்கலாம்.

நாடா சுற்றுவது பற்றி. ஸ்டீல் குழாயில் சுற்றினால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குழாயை அரிக்கும். எண்ணெய் சொட்டி நாடா ஊறினால் தீப்பிடிக்கும், நம் காரில் ராக்கர் கவரிலிருந்து எண்ணெய் கசியாத நாள் உண்டா? சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளும் புறமும் செராமிக் கோட்டிங் கொடுங்கள். எக்ஸ்ட்ராக்டர் போட்டால் சூடு குறையும் என்பதும் தவறு, மெல்லிய குழாய், பரப்பும் அதிகம், கோட்டிங் இல்லாமல் போட்டால் சூட்டை இன்னும் அதிகமாகத்தான் உள்ளே விடும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எலக்ட்ரிக் ஃபேன் வீணில்லை. சாவியை எடுத்த பிறகும் ஐந்து நிமிடம் ஓடுகிற மாதிரி டைமர் ரிலே போடுங்கள், ஃப்யூஸோடு. நிறுத்திய பிறகு கார்புரேட்டர் மேல் காற்று ஓடுவதுதான் உங்களுக்கு வேண்டியது. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் போதவில்லையென்றால் படகுகளில் பெட்ரோல் ஆவியை வெளியேற்ற வைக்கும் சின்ன ப்ளோயர் ஒன்றை கிரில் பக்கம் வைத்து, குழாயில் கார்புரேட்டர்வரை கொண்டுவரலாம். நிறைய பேர் செய்கிறார்கள்.

கோவைக்காரர்:

டயாஃப்ரம் மாற்றியதும் டைமிங்கை லைட் போட்டுச் செட் பண்ணுங்கள், காதால் கேட்டு வைக்க வேண்டாம். அது முடிந்த பிறகுதான் மிக்ஸர். ஜெட்டுக்கு அடியில் இருக்கிற ஆறு பட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாகக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். ஒரு பட்டை, ஓட்டிப் பார்த்து, பிளக் பார்த்து, அடுத்த பட்டை. இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பழையபச்சை_சிட்னி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகவே செய்தேன், ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே இடத்தில் நிறுத்தி அதே தெர்மோகப்பிளில் அளந்தேன். வெயில் தினமும் ஒரே மாதிரி இல்லை, அதனால் எண்களை ஓரளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபினாலிக் ஸ்பேசர் போட்டதும் பன்னிரண்டாவது நிமிட அளவு 70-லிருந்து 61. தகட்டைச் சுத்தம் செய்து இன்சுலேஷன் ஒட்டியதும் 57. வேக்கம் யூனிட் புதிது, டைமிங் சரி, மிக்ஸர் இரண்டு பட்டை. அதில் அந்த அளவு பெரிதாக மாறவில்லை, ஆனால் ஓட்டும்போது வித்தியாசம் கால் அடியிலேயே தெரிகிறது, மூன்றாவது கியரில் இழுத்த ஏற்றத்தை நான்காவதில் இழுக்கிறது. ஃபேன் டைமர் போட்ட பிறகு 52. இ10 முழுக்க நிறுத்திவிட்டேன், ஹோஸ் எல்லாம் புதிது. பழைய ஹோஸில் ஒன்று விரலால் மடித்ததும் உள்ளிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, அதைப் பார்த்த அன்றே காரில் தீயணைப்பான் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை 35 டிகிரி. மகளை மறுபடி கூப்பிட்டேன், யோசித்துவிட்டு வந்தாள். க்ளென்புரூக்கில் இருபது நிமிடம் நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியை ஆன் செய்தேன், பம்ப் நான்கு தடவை அடித்து நின்றது, அவளும் எண்ணினாள். செல்ஃப் அடித்த உடனே பிடித்தது. ஒரு நிமிடம் போல ஐடில் லேசாகத் தடுமாறியது, அப்புறம் சரியாகிவிட்டது.

ஹாரோ அண்ணா, நீங்கள் சொன்னது உண்மை, ரேடியேட்டர் ஓரத்தில் நுரைப் பட்டை ஒன்றுகூட இல்லை. அது மட்டும் பாக்கி. பானெட் மூடும்போது எவ்வளவு அழுந்த வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் வாங்கட்டும்?

ஹாரோ_வி8:

அளவு கடையில் கேட்காதீர்கள், காரில் எடுங்கள். தகட்டின் மேல் ஓரத்தில் நான்கைந்து இடத்தில் களிமண் உருண்டை வைத்து, மேலே பாலித்தீன் தாள் போட்டு, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமான பட்டை வாங்குங்கள், மூடிய துளை உள்ள ரப்பர் நுரையாக, தண்ணீர் உறிஞ்சாததாக. அலுமினிய பானெட் என்பதால் இதற்கு மேல் தடிமன் வேண்டாம், அழுத்தினால் நெளிந்துவிடும்.